பதினேழு ஒலிகளைக் காணோம்

“உடம்பு எங்கே?”

“அதான் இல்லைங்கறேன் அண்ணி. பேர் மட்டும் இருக்கு. பதினேழு பேர். ஒருத்தருக்கும் உடம்பு கிடைக்கலை.”

“சத்தமாப் படி. மேலேர்ந்து.”

“மேலேர்ந்தா? இருநூறு வரி இருக்கு. கடைசி வரியில அவனே சுருக்கமாச் சொல்லிட்டான், ‘என்னால முடியலை, ஆளை விடு’ன்னு.”

“கடைசி வரி வெறும் அழுகை. முதல் வரியிலதான் காரணம் இருக்கும். படி.”

என் அண்ணி எப்போதும் இப்படித்தான். திரையில் எர்ரர் வந்தால் மற்றவர்கள் மனசுக்குள் படிப்பார்கள். இவர் வாய்விட்டுப் படிப்பார். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் மந்திரம் ஓதுகிறார் என்று நினைப்பார்கள்.

தெரிந்தவர்கள் அவரை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். வீடு கட்டுகிறவர் இல்லை, மென்பொருள் கட்டுகிறவர். எழுதினவர் ஓடிப்போயிருப்பார், இல்லை செத்துப்போயிருப்பார். அவர் எழுதிய மூல நிரல் மட்டும் ஏதோ ஒரு டிஸ்க்கில் தூங்கும். அதை எழுப்பி ஓடவைக்க வேண்டும் என்றால் எங்கள் கதவைத் தட்டுவார்கள். நான் அவருக்கு உதவியாளர். அவர் புருஷனுக்குத் தங்கை. அதாவது நாத்தனார். நாத்தனாரைச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட மேஸ்திரி உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். என் அண்ணன் பயந்துபோய் எங்கள் இரண்டு பேரிடமும் அளந்துதான் பேசுகிறான்.

எதிரே நாற்காலி நுனியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். கழுத்தை மூடி ஒரு பருத்தித் துணி. மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை, கையில் மார்க்கர். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரலும் போய்விட்டது.

அந்த ஆபரேஷனுக்கு முன்னால் அவர் தம்பி ஒரு காரியம் செய்திருந்தார். அக்காவை உட்காரவைத்து அவர் குரலை ஒலி ஒலியாகப் பதிவு செய்துகொண்டார். பிறகு ஒரு புரோகிராம் எழுதினார். அக்கா டைப் அடித்தால் கம்ப்யூட்டர் அக்கா குரலிலேயே பேசும். அதை வைத்துக்கொண்டுதான் டீச்சர் இரண்டரை வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தினார்.

ஏழு மாசம் முன்பு தம்பி இதயக் கோளாறில் இறந்துபோனார். போன வாரம் டீச்சரின் லேப்டாப் பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு, உள்ளே இருந்த டிஸ்க் சுக்குநூறு. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டதும் தம்பி மனைவி ஒரு பழைய டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருந்தாள். கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. அதில் இருந்தது மூல நிரல்.

இன்று மூன்று மணிக்குப் பள்ளி நிர்வாகக் குழு முன்னால் டீச்சர் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பேச முடிந்தால் வகுப்பறை. முடியாவிட்டால் ஆபீஸில் ஃபைல் அடுக்கும் வேலை. அப்போது மணி பத்தரை.

பலகையில் எழுதி நீட்டினார். “என்ன ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி.”

“அட்டெண்டன்ஸ் மாதிரிதான் டீச்சர்,” என்றேன் நான். “புரோகிராமைத் துண்டு துண்டா எழுதுவாங்க. ஒரு துண்டு இன்னொரு துண்டைப் பேர் சொல்லிக் கூப்பிடும். முன்கூட்டியே கட்டி வச்ச துண்டுங்களோட மூட்டைக்கு லைப்ரரின்னு பேர். கடைசியில லிங்க்கர்னு ஒருத்தன் வந்து ஒவ்வொரு பேரையும் கூப்பிடுவான். ஏதாவது ஒரு மூட்டையிலேர்ந்து ‘உள்ளேன்’னு சத்தம் வரணும். பதினேழு பேருக்கு வரலை.”

“லீவா?” என்று எழுதினார்.

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

காலையிலிருந்து இது மூன்றாவது சண்டை. முதல் எர்ரர், ஸ்பீக்கரை இயக்கும் லைப்ரரியே இந்த மெஷினில் இல்லை என்றது. இறக்கிப் போட்டோம். இருக்கிறது, ஆனால் பழைய மெஷின் அளவுக்குக் கட்டினது என்றது அடுத்தது. பெரியவர் காலில் குழந்தை செருப்பு. மாற்றிப் போட்டோம். அதற்கப்புறம்தான் இந்தப் பதினேழு.

அண்ணி ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். தம்பி ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். “ஒலி க்... ஒலி ச்... ஒலி ட்... ஒலி ப்... ஒலி ஸ்... ஒலி ஷ்...”

எட்டாவது பெயரில் நின்றார். மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக. இடது கை விரல் தானாகப் போய்த் தன் தொண்டையில் உட்கார்ந்தது.

“என்ன அண்ணி, கரகரப்பா? மாத்திரை வேணுமா?”

“சும்மா இரு.” டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்க எல்லா ஒலியையும் பேசி முடிச்சீங்களா?”

டீச்சரின் மார்க்கர் கீச்சிட்டது. “முடிச்சேன். முடிஞ்சுதுன்னு அவனே சொன்னான்.” ‘அவனே’வுக்கு அடியில் இரண்டு கோடு.

கட்டுமானக் குறிப்பைத் திறந்தோம். எந்த மூட்டையை எந்த மூட்டையோடு கோர்க்க வேண்டும் என்று எழுதினவர் விட்டுப்போகிற ஃபைல் அது. தம்பி இரண்டு மூட்டை சொல்லியிருந்தார். ஒன்றின் பெயர் ‘அக்கா’. இன்னொன்று ‘துணை’.

அக்கா இருந்தது. துணைக்கு ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே காலி.

“இதைப் பாரு,” என்று அண்ணி திரையில் நகத்தால் தட்டினார். “இந்த ஃபோல்டர்ல கடைசியா யாரோ கை வச்ச தேதி.”

போன வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று இருபது.

டீச்சர் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். “இது அவன் டிஸ்க். அவன் செத்து ஏழு மாசம்.”

“ஆவி ஃபைல் அழிக்க மெனக்கெடாது டீச்சர்,” என்றார் அண்ணி. “டிஸ்க் யார் கையில இருந்தது?”

டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டு அழுத்தி அழுத்தி எழுதினார். “அவன் பொண்டாட்டி. சாவுக்கு வந்தவங்க போனதும் என் மூஞ்சியில கதவைச் சாத்தினா. அதுக்கப்புறம் பேச்சு இல்லை.”

“வண்டிச் சாவியை எடு வாயாடி,” என்றார் அண்ணி.

---

முக்கால் மணி நேரப் பயணம். தெருமுனையில் நிறுத்திய காரிலேயே டீச்சர் இருந்துகொண்டார். காரை விட்டு இறங்கமாட்டேன் என்று தலையாட்டினார். அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று சபதமாம்.

உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீடு சின்னதுதான், மாடி கிடையாது, வாசலில் ஒரு இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே கொடியில் துணி காய்ந்தது. நான் அண்ணியின் கையைப் பிடித்தேன்.

“அண்ணி. ஆம்பளைச் சட்டை. நாலு. சொட்டச் சொட்ட ஈரம்.”

“பாத்தேன்.”

“ஏழு மாசத்துல புது ஆளா? அதான் அக்காவோட பேச்சு வார்த்தை இல்லையா? கேஸ் முடிஞ்சது, வாங்க, போற வழியில ஜூஸ் குடிப்போம்.”

“எல்லாச் சட்டையும் ஒரே அளவு. காலர் எல்லாம் நைஞ்சிருக்கு. எல்லாம் பழசு.” அண்ணி அழைப்பு மணியில் கை வைக்கப் போனார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரு ஆணின் குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற, அவசரமே இல்லாத குரல்.

“கேஸை அணைச்சியா?”

சுவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“மறந்திருப்ப. போய்ப் பாரு.”

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் குறுக்காக ஓடியது. அடுப்புக் குமிழ் ‘டக்’ என்று திரும்பியது. நான் மணியை அடிக்கிற நிலைமையில் இல்லை. அண்ணிதான் அடித்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. என் வயசுதான் அவளுக்கு. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“யாரு வேணும்?”

“நீங்கதான். அவரோட அக்கா டிஸ்க்கை எங்ககிட்டதான் குடுத்திருக்காங்க. உள்ள வரலாமா? இல்லை, பேசிக்கிட்டிருந்தீங்களா?”

“வீட்டுல யாரும் இல்லை.”

“தெரியும். அவர் குரல் நல்லா இருக்கு,” என்றார் அண்ணி மெதுவாக. “வாக்கியத்துக்கு நடுவுல துளிகூட மூச்சு வாங்கலை. அதுல கண்டுபிடிச்சேன்.”

அவள் கதவை விட்டாள். விழப்போகிறாள் என்று நினைத்தேன். விழவில்லை, சும்மா வழி விட்டாள்.

கூடத்தில் ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருகிறாள். இன்னொன்றின் மெத்தை நடுவில் பள்ளமாக இருந்தது, அதில் யாரும் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் அவள் டைப் அடித்த வரி: மறந்திருப்ப. போய்ப் பாரு.

“அக்காவுக்குச் செய்யறதுக்கு முன்னாடி, ஓடுதான்னு பாக்க அவர் குரலை வச்சுதான் கட்டிப் பாத்தார்,” என்றாள். “எல்லா ஒலியும் அவரே பேசியிருக்கார். சாமான் ஒழிக்கும்போது கிடைச்சுது. நான் டைப் பண்ணாதான் பேசுவார். அவரா ஒண்ணும் பேச மாட்டார். அது எனக்குத் தெரியும். நான் பைத்தியம் இல்லை.”

“கேஸ்?” என்று நான் கேட்டுவிட்டேன். சில நேரம் என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

“இன்னைக்கும் அணைக்கலை,” என்றாள் அவள். “நான் எப்பவும் மறந்துடுவேன். அவர்தான் ஞாபகப்படுத்துவார்.”

அண்ணி பள்ளம் விழுந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

“அந்த மூட்டையோட பேர் துணைதானே?”

“ஆமா.”

“அதோட இன்னொரு காப்பி நீங்க அனுப்பின டிஸ்க்குல இருந்தது. போன வெள்ளிக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு அழிச்சீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

“அது அவங்க கைக்குப் போகக்கூடாதுன்னு அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில, ரெண்டாம் நாள்.”

அடேயப்பா, குடும்பத்துப் பகை என்று நினைத்துக்கொண்டேன். செத்த பிறகும் அக்காவுக்கு ஒன்றும் போகக்கூடாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அவர் விரல் மறுபடி தொண்டைக்குப் போயிருந்தது.

“அது இல்லாம அவங்க புரோகிராமைக் கட்டவே முடியாது. அது உங்களுக்குத் தெரியுமா?”

அவள் நிமிர்ந்தாள். “இல்லையே. அவங்களுக்கு வேண்டியதெல்லாம் அவங்க மூட்டையிலயே சேத்துட்டார்னுல்ல நினைச்சேன்? அது டிஸ்க்குல இருக்கே. அதை நான் தொடவே இல்லை.”

“இருக்கு. போதலை. மூணு மணிக்குள்ள அவங்க பேசலைன்னா இனிமே வகுப்புக்குப் போக முடியாது.”

அவள் கொடியில் ஆடும் சட்டைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு, “தர்றேன். ஆனா அதுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க,” என்றாள்.

“பண்றேன்,” என்றார் அண்ணி. என்னைப் பார்த்தார். “நீயும். வாயைத் திறக்கக்கூடாது.”

நான் என் உதட்டில் பூட்டுப் போட்டுக் காட்டினேன். பென்டிரைவில் ‘துணை’ ஏறியது.

---

இதற்கு மேல் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தியத்தை நான் மீறவில்லை. வாய் திறக்கவே இல்லை. திறந்தது என் விரல்.

அண்ணி அவளோடு உள்ளேயே நின்றார். என்னை, “நீ போய் வேலையை ஆரம்பி, நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்,” என்று அனுப்பினார். நான் காருக்கு ஓடினேன். டீச்சர் பின்சீட்டில். லேப்டாப் என் மடியில். கட்டுமானக் குறிப்பில் மூட்டைகளை ஒரே வரியில் வரிசையாக எழுத வேண்டும். தம்பி எழுதியிருந்த வரியில் துணைக்கு அவர் வீட்டு மெஷின் முகவரி இருந்தது, அது இங்கே செல்லாது. அதனால் அதை அழித்துவிட்டு நானே புதுசாக எழுதினேன். காணாமல் போனது துணைதானே? அதையே முதலில் போடுவோம். துணை, அப்புறம் அக்கா. என்டர்.

ஒரு எர்ரர் இல்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பதினேழு பேரும் ‘உள்ளேன்’ என்றார்கள். நான் சீட்டிலேயே குதித்தேன், தலை காரின் கூரையில் மோதியது.

“பேசுங்க டீச்சர்! முதல் வார்த்தை உங்களோடது!”

டீச்சர் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். முகம் வெளிச்சமாக இருந்தது. ‘வணக்கம் பிள்ளைகளே’ என்று அடித்தார்.

“வணக்கம் பிள்ளைகளே,” என்றார் அவர் தம்பி.

கொஞ்சம் மூக்கால் பேசுகிற, அவசரமே இல்லாத குரல். காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒருத்தர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டீச்சர் கத்தவில்லை, எப்படிக் கத்துவார்? கையைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் ஓட்டைகளை மூடினார், எதிரில் இருப்பவர் வாயைப் பொத்துகிற மாதிரி. பிறகு கையை எடுத்துவிட்டு, ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தாக ஒரு வார்த்தை அடித்தார்.

“யாரு?” என்று செத்துப்போனவர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கார்க் கதவு திறந்து கிடந்தது. சபதம் எல்லாம் போயிற்று. லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீச்சர் அந்த வீட்டை நோக்கி நடந்தார். பலகை சீட்டிலேயே கிடந்தது. நான் பின்னால் ஓடினேன்.

கேட்டைத் தள்ளி, ஈரச் சட்டைகளுக்கு நடுவே புகுந்து, திறந்திருந்த கதவு வழியாக நேரே கூடத்தில் போய் நின்றார். தம்பி மனைவி அவரைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டினாள். ஏழு மாசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம்.

டீச்சர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். வேகமாக அடித்தார். வேறு எதில் பேசுவார்? கையில் இருந்தது அது ஒன்றுதான்.

“ஏன் மறைச்ச?”

அக்காவின் கோபம். தம்பியின் குரல்.

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தாள். ஏழு மாசத்தில் முதல் தடவையாக, அவள் டைப் செய்யாத ஒரு வார்த்தையை அவள் புருஷன் பேசியிருக்கிறார்.

“நீங்கதானே மறைக்கச் சொன்னீங்க!” என்று அந்தக் குரலைப் பார்த்துக் கதறினாள். “அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க! இப்ப வந்து ஏன்னு கேட்டா?”

அண்ணிதான் முதலில் அசைந்தார். வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“எதை முதல்ல போட்ட?”

“துணையை.”

“கட்டறவளுக்கு நாத்தனாரா இருந்துகிட்டு இது தெரியலையா? லிங்க்கர் இடமிருந்து வலமாத்தான் போவான். முதல் மூட்டையில ஆள் கிடைச்சா ரெண்டாவதைத் திறந்துகூடப் பாக்க மாட்டான். துணையில எல்லா ஒலியும் இருக்கு. அதை முன்னாடி நிறுத்தினா அக்காவை யாரு கூப்பிடுவா?” டீச்சர் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. “சத்தியம் பண்ணியிருந்தேன். உடைஞ்சு போச்சு. இனிமே முழுசாச் சொல்றதுதான் மரியாதை. உட்காருங்க.”

டீச்சர் உட்கார்ந்தார். பள்ளம் விழுந்த நாற்காலியில். தம்பி மனைவி தடுக்கவில்லை.

“உங்க மூட்டையில பதினேழு ஒலி குறையுது. வாயாடி, தொண்டையில விரல் வை. ‘ஆ’ன்னு சொல்லு.”

“ஆ.”

“அதிருதா? இப்ப ‘ஸ்’ சொல்லு. வெறும் ஸ்.”

“ஸ்ஸ்ஸ்... அண்ணி! ஒண்ணுமே இல்லை. கட்டை மாதிரி இருக்கு.”

“க், ச், ட், ப், ஷ். பதினேழும் அப்படித்தான். காலையில படிக்கும்போதே என் தொண்டை சும்மா இருந்துது. இதெல்லாம் குரலே இல்லை. நாக்கும் உதடும் மூச்சும் பண்ற வேலை. ஆம்பளை விட்டாலும் பொம்பளை விட்டாலும் மூச்சுல பெரிசா வித்தியாசம் தெரியாது. பேசின வரிசையை யார் போட்டது டீச்சர்? உங்க தம்பிதானே?”

டீச்சர் தலையசைத்தார்.

“குரல் வேணும்கிறதை எல்லாம் முதல் நாள்லேயே வாங்கிட்டார். மூச்சு போதும்கிறதைக் கடைசிக்குத் தள்ளினார். நாள் பத்தாதுன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

மீதியைத் தம்பி மனைவி சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே. “டாக்டர் ஆபரேஷனை ஒரு நாள் முன்னாடி வச்சுட்டாங்கல்ல அக்கா. உங்களுக்குத் தொண்டை வீங்கி, ஒவ்வொண்ணுக்கும் கண்ணுல தண்ணி வந்துது. ‘அரைகுறையா இருந்தா எனக்கு வேண்டாம், மொத்தத்தையும் அழிச்சுடு’ன்னு அவர்கிட்டச் சொன்னீங்களாம். அதான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டார். முடியலை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு, அவர் பேசினதுலேர்ந்து அந்தப் பதினேழையும் உங்களுக்குப் பின்னாடி வச்சுத் தச்சார். ‘தன் குரல் முழுசா இருக்குன்னு அக்கா நம்பட்டும்’னார். நான் உங்க மூஞ்சியைப் பாத்தா உளறிடுவேன். அதனாலதான் கதவைச் சாத்தினேன்.”

அண்ணி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு வரி. இரண்டு வார்த்தையை இடம் மாற்றினார். அக்கா, அப்புறம் துணை. கட்டினோம்.

டீச்சர் அடித்தார்.

“இத்தனை நாளா நான் பேசும்போதெல்லாம் அவனும் பேசிக்கிட்டுதான் இருந்தானா?”

ஒரு பெண்ணின் குரல். தெளிவாக, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல். அதுவரை எனக்கு அந்தக் குரல் தெரியாது. தெரிந்த தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வார்த்தைகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. வார்த்தைகளுக்கு நடுவே எதையோ தேடினாள்.

“கேக்குது,” என்றாள்.

---

மூன்று மணி வகுப்புக்கு நான்கு பேரும் போனோம். நாங்கள் மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே, எட்டிப் பார்த்துக்கொண்டு. உள்ளே நாற்பது பிள்ளைகள், பின்னால் குழுவினர் ஐந்து பேர். டீச்சர் ஆறுகள் ஏன் நேராக ஓடுவதில்லை என்று நடத்தினார். பாதியில் ஒரு வாண்டு, “டீச்சர், ஆறு குடிச்சிருக்குமா?” என்றான். டீச்சர் அடித்தார். “அது உன்னை மாதிரி. எது தடுக்குதோ அதைச் சுத்திக்கிட்டுப் போகும், வேலை செய்யாது.” வகுப்பு வெடித்துச் சிரித்தது. குழுவில் நான்கு பேர் சிரித்தார்கள். எனக்கு அதுவே தீர்ப்பு மாதிரி இருந்தது.

சிரிக்காத ஐந்தாவது ஆள் தலைமை ஆசிரியர். முடிந்ததும் வந்தார்.

“நல்லா இருந்துது டீச்சர். திங்கட்கிழமையிலேர்ந்து உங்க வகுப்பு உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. குரல் அழகா இருக்கு, ஆனா அங்கங்கே சில எழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தமா, யாரோ கூட நின்னு சொல்ற மாதிரி விழுது. அதைச் சரி பண்ண முடியாதா?”

டீச்சர் அண்ணியைப் பார்த்தார்.

“முடியும்,” என்றார் அண்ணி. “பதினேழே ஒலி. நம்ம வாயாடியை உட்காரவச்சு இன்னைக்கே ரெகார்ட் பண்ணி மாத்திடலாம். மூச்சுதானே. ஒரு மணி நேர வேலை.”

“மாத்திடுங்க,” என்றாள் தம்பி மனைவி சட்டென்று. “அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சார். தெரிஞ்சுபோச்சு. இனிமேலாவது அவங்க குரல் தையல் தெரியாம முழுசாக் கேக்கட்டும். அதைத்தான் அவர் ஆசைப்பட்டார்.”

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அடித்தார். தலைமை ஆசிரியருக்குத்தான் பதில். ஆனால் பார்த்தது அவளை.

“அது கோளாறு இல்லை சார். அது என் தம்பி. அவன் பாட்டுக்கு இருக்கட்டும்.”

அவர்கள் இரண்டு பேரும் மைதானத்தைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்குச் சேர்ந்து நடந்தார்கள். லேப்டாப் திறந்தபடியே அக்காவின் முன்கையில். அவள் ஏதோ கேட்க, அது ஏதோ சொல்ல, எங்களுக்குக் கேட்கவில்லை.

அண்ணி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. காரில் ஏறினதிலிருந்து அதே பாட்டு. “தப்பு தப்புதான். ஒரு செத்த மனுஷன் ரெண்டரை வருஷம் கட்டிக் காத்ததை நீ ஒரு வரியில உடைச்ச. நான் பண்ணின சத்தியமும் போச்சு.” நான் சொல்கிறேன், வரிசையைச் சரியாகப் போட்டிருந்தால் வகுப்பு கிடைத்திருக்கும், ஆனால் அந்தக் கதவு சாத்தினபடியே இருந்திருக்கும். அதற்கு அண்ணி, “அவர் அதைத்தானே விரும்பினார்,” என்கிறார். உங்களிடமே கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: என் இடத்தில் நீங்கள் இருந்து, வரிசை தெரிந்தே இருந்திருந்தால், எதை முதலில் போட்டிருப்பீர்கள்?